கப்பல் சுற்றுலாவில் அறையும் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிங்கப்பூரில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இப்போதெல்லாம் கப்பல் பயணத்தையும் சேர்த்தே திட்டம் போடுகிறார்கள். மரினா பே கப்பல் முனையத்தில் ஏறி, மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு, போர்ட் கிள்ளான், ஃபூக்கெட் என்று போய்த் திரும்பும் மூன்று அல்லது நான்கு இரவுப் பயணங்கள் அவை. அம்மா அப்பாவோடு இரண்டு முறை, மற்ற சொந்தங்களோடு நான்கு முறை போயிருக்கிறேன். அதனால் சந்தேகங்கள் எல்லாம் என் போனுக்குத்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். கட்டணம் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் டிக்கெட் விலை எதுவும் இதில் இல்லை.

அக்கா, இன்சைட் ரூம், விண்டோ ரூம், பால்கனி ரூம்னு போட்டிருக்கு. எதை எடுக்கிறது?

உள் அறைக்கு ஜன்னலே கிடையாது. ஏறத்தாழ 150 சதுர அடி இருக்கும். கட்டில், ஒரு மேசை, அலமாரி, குளியலறை அவ்வளவுதான். ஜன்னல் அறையில் கண்ணாடி இருக்கும், திறக்க முடியாது. பால்கனி அறை இன்னும் கொஞ்சம் பெரிது; கதவைத் திறந்து வெளியே இரண்டு நாற்காலி போட்டு உட்காரலாம்.

நாள் முழுக்க மேல்தளத்தில் சுற்றிவிட்டுத் தூங்க மட்டும் அறைக்கு வருகிற இளவட்டங்களுக்கு உள் அறை போதும். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, நன்றாகத் தூக்கம் வரும். ஆனால் காலை எட்டு மணியா இரவு எட்டு மணியா என்றே தெரியாது. அடைத்து வைத்தது போல் இருந்தால் தாங்காதவர்கள் அதை எடுக்க வேண்டாம். ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் உள் அறையிலேயே ஒரு பெரிய திரையில் வெளிக்கடலை நேரலையாகக் காட்டுகிறார்கள், அது ஓரளவு உதவும். வயதானவர்களுக்கு என்றால் நான் பால்கனியைத்தான் சொல்வேன். காரணம் அடுத்த பதிலில்.

பால்கனிக்கு அவ்வளவு காசு கூடக் குடுக்கிறது வீண் இல்லையா? கடலை மேல போய்ப் பாத்துக்கலாமே?

என் அப்பாவுக்கு வயது 74. காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவார். அந்த நேரத்தில் பத்து தளம் ஏறி நீச்சல் குளத்துப் பக்கம் போய் உட்காரச் சொன்னால் அவர் போகமாட்டார். பால்கனி இருந்ததால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்தார். மலாக்கா நீரிணை உலகத்திலேயே கப்பல் போக்குவரத்து மிகுந்த கடல்வழிகளில் ஒன்று. விடிகிற நேரத்தில் வரிசையாகச் சரக்குக் கப்பல்களின் விளக்குகள் தெரியும். அவர் அவற்றை எண்ணிக்கொண்டே இருந்தார். அந்தப் பயணத்தில் அவருக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அந்தக் காசு வீணில்லை.

எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, ஃபூக்கெட் போகும்போது கப்பல் வடமேற்காகப் போகிறது. மாலை வெயில் இடப்பக்கத்து அறைகளில் விழும். திரும்பும்போது வலப்பக்கத்தில். சூரியன் மறைவதைப் பார்க்க விருப்பமா, வெயில் வேண்டாமா என்று முடிவு செய்து பக்கத்தைக் கேளுங்கள். இன்னொன்று, பால்கனிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். ஈரக்காற்று உள்ளே வந்து தரை, கண்ணாடி எல்லாம் நனைந்துவிடும். சில கப்பல்களில் கதவு திறந்திருந்தால் ஏசி நின்றுவிடும்.

கப்பல் ஆடுமா? அம்மாவுக்கு பஸ்ல போனாலே வாந்தி வரும்.

மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்ராவும் மறுபக்கம் மலாயா தீபகற்பமும் காவலாக நிற்கும் கடல். திறந்த கடலின் அலை அங்கே அவ்வளவாக வராது. அதில் ஓடுகிற கப்பல்களோ மிகப் பெரியவை. சிங்கப்பூரிலிருந்து போகும் ஜென்டிங் ட்ரீம் என்ற கப்பல் 335 மீட்டர் நீளம். பெரும்பாலான நேரம் நிற்கிறோமா போகிறோமா என்றே தெரியாது. ஆனாலும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லேசான ஆட்டமே போதும்.

அவர்களுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுங்கள். ஊஞ்சல் பலகை ஆடும் அளவுக்கு அதன் மேல்கொக்கி ஆடுவதில்லை அல்லவா, அப்படித்தான். முன்முனை, பின்முனை, உச்சித்தளம் மூன்றும் அதிகம் ஆடும். மாத்திரை போடுவதாக இருந்தால் தலை சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்பே போட வேண்டும். எது, எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். வெறும் வயிற்றோடு இருந்தால் குமட்டல் கூடும். உப்பு பிஸ்கட்டும் இஞ்சி மிட்டாயும் கைப்பையில் இருக்கட்டும். குமட்டல் வந்தால் அறையில் படுக்காமல் திறந்த தளத்துக்குப் போய் அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரூம் நம்பரை நாமளே தேர்ந்தெடுக்கணுமா? அவங்க குடுக்கிறதை எடுத்தா விலை குறைவுன்னு ஏஜென்ட் சொல்றாரு.

அதற்குக் "கேரண்டி" அறை என்று பெயர். நீங்கள் கேட்ட வகை அல்லது அதைவிட நல்ல வகை கிடைக்கும் என்பது மட்டுமே உறுதி. எந்தத் தளம், எந்த மூலை என்பது அவர்கள் விருப்பம். காசு மிச்சம்தான். ஆனால் தூக்கம் கலைந்தால் மறுபடி வராதவர்களுக்கு அது வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அறையின் வகையை விட அறை இருக்கும் இடம் முக்கியம். பால்கனிக்குக் காசு போதவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், நல்ல இடத்தில் ஜன்னல் அறை எடுத்தால் நிம்மதியாக இருக்கலாம்.

ஒருமுறை எங்களுக்குப் பஃபே உணவகத்துக்கு நேர் கீழே அறை கிடைத்தது. அதிகாலை ஐந்து மணிக்கு முன்பே தலைக்கு மேல் நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம், பிறகு வண்டிகள் உருளும் சத்தம். மூன்று நாளும் அப்படியே. அதற்குப் பிறகு பதிவு செய்யும் முன் தளப்படத்தை எடுத்து, என் அறைக்கு மேல் என்ன, கீழ் என்ன என்று விரல் வைத்துப் பார்க்காமல் நான் பணம் கட்டுவதில்லை. மேலும் கீழும் அறைகளே இருந்தால் நல்லது. மேலே நீச்சல் குளம், சமையலறை, பஃபே இருந்தால் வேண்டாம். கீழே நாடக அரங்கம், டிஸ்கோ இருந்தாலும் வேண்டாம், நள்ளிரவு தாண்டியும் தரை அதிரும். லிஃப்டுக்கு நேர் எதிர் அறையில் பேச்சுக் குரல் ஓயாது. நாலைந்து கதவு தள்ளி எடுங்கள். கீழ்த்தளத்தில் முன்முனைக்கு அருகே இருந்தால் துறைமுகத்துக்குள் நுழையும் விடியற்காலையில் நங்கூரச் சங்கிலியும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் இயந்திரமும் எழுப்பிவிடும்.

"மறைந்த காட்சி" என்று போட்டு விலை குறைவாக ஜன்னல் அறை விற்பார்கள். ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கும். வெளிச்சம் வந்தால் போதும், கடல் தெரியாவிட்டால் பரவாயில்லை என்பவர்களுக்கு அது நல்ல பேரம்.

நாங்க ரெண்டு பேர், ரெண்டு பசங்க. ஒரே ரூம் போதுமா?

போதும் என்றுதான் இணையதளம் சொல்லும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்குகிற மேல்கட்டில், அல்லது விரித்துப் போடும் சோபா. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். ஆனால் ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் மேல்கட்டிலில் படுக்க வைக்காதீர்கள்.

நான்கு பெரியவர்கள் என்றால் ஒரே அறை வேண்டவே வேண்டாம். ஒரு குளியலறைக்கு நாலு பேர் காத்திருக்க வேண்டும், ராத்திரி எழுந்தால் ஏணியில் இறங்க வேண்டும். நடுவே கதவு உள்ள இரண்டு உள் அறைகளோ, எதிரெதிராக ஒரு பால்கனி அறையும் ஒரு உள் அறையுமோ எடுங்கள். பல சமயம் மொத்த விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது, பால்கனியை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம்.

கேக்கவே கூச்சமா இருக்கு. டாய்லெட்ல கழுவுற பைப் இருக்குமா?

கூச்சப்பட வேண்டாம், எல்லாரும் கேட்கிறார்கள். பெரும்பாலான கப்பல் அறைகளில் இருக்காது, காகிதம்தான். ஒரு சின்னப் பிளாஸ்டிக் மக் பெட்டியில் வையுங்கள். அல்லது கையால் அழுத்தினால் நீர் பீய்ச்சும் பயணக் குப்பி கிடைக்கிறது, அது இன்னும் வசதி. கைகழுவும் தொட்டி எட்டும் தூரத்திலேயே இருக்கும். தரையில் தண்ணீர் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளியல் கூண்டுக்கு வெளியே நீர் வடியும் வழி இல்லாமல் இருக்கலாம்.

கப்பலில் கழிப்பறை காற்றை உறிஞ்சி வேலை செய்யும் அமைப்பு. அவர்கள் தரும் காகிதம் தவிர நாப்கின், டயப்பர், ஈரத்துடைப்பான் எதையும் உள்ளே போடக்கூடாது. ஓர் அறையில் அடைத்தால் பக்கத்து அறைகளும் சேர்ந்து நின்றுபோகும்.

மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கு. சமாளிப்பாரா?

சமாளிக்கலாம், ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். கப்பல் குளியலறை வாசலில் நாலைந்து விரல் உயரத்துக்கு ஒரு படி இருக்கும், தண்ணீர் அறைக்குள் வராமல் இருக்க. என் அப்பா முதல் இரவு இருட்டில் அதில் கால் தடுக்கி விழப் பார்த்தார். அன்றிலிருந்து குளியலறை விளக்கை அணைக்காமல் கதவை ஒருக்களித்து வைத்தோம்.

சக்கர நாற்காலி தேவைப்பட்டால் சாதாரண அறை உதவாது, கதவு குறுகல். அகலக் கதவும் படியில்லாத குளியலறையும் கைப்பிடியும் உள்ள தனி அறைகள் உண்டு. எண்ணிக்கை மிகக் குறைவு, முதலில் தீர்ந்துபோவதும் அவைதான். ஊர் இறங்குவதிலும் வித்தியாசம் இருக்கிறது. பினாங்கில் ஜார்ஜ் டவுன் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே கப்பலைக் கரையோடு சேர்த்து நிறுத்துவதால் பாலத்தில் நடந்து இறங்கலாம். ஃபூக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில்தான் கரைக்கு அனுப்புவார்கள். அந்தப் படகில் கால் மாற்றி ஏறுவது முழங்கால் வலிக்காரர்களுக்குக் கஷ்டம்.

எலக்ட்ரிக் குக்கர், கெட்டில் எடுத்துட்டு வரலாமா? கஞ்சி மட்டும் வச்சுக்கிறோம்.

வேண்டாம். குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் கம்பி எல்லாம் ஏறும்போதே எக்ஸ்ரேயில் தெரிந்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். கடைசி நாள்தான் திருப்பித் தருவார்கள். நடுக்கடலில் நெருப்புதான் கப்பல்காரர்களின் பெரிய பயம், அது நியாயம். பல கப்பல்களில் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கும் தடை உண்டு. அதிலும் மின்னழுத்தப் பாதுகாப்பு உள்ளது கூடவே கூடாது, கப்பலின் மின் அமைப்போடு சேரும்போது அதுவே சூடாகித் தீப்பிடிக்க வாய்ப்பு. கஞ்சிக்குக் கவலை வேண்டாம். காலை பஃபேயில் அரிசிக் கஞ்சி ஆசியக் கப்பல்களில் தினமும் இருக்கும்.

அறையில் அமெரிக்கத் தட்டைமுனை, ஐரோப்பிய உருண்டைமுனை இரண்டுக்கும் பொதுவாக இடம் இருக்கும். நம் ஊர் செல்போன் சார்ஜரின் இரண்டு முனை பெரும்பாலும் ஐரோப்பியத் துளையில் சேரும். மூன்று முனைப் பிளக் சேராது, அதற்கு மாற்றி வேண்டும். அறைச் சுவர்கள் இரும்பு என்பதால் காந்தக் கொக்கி ஒட்டும். நாலைந்து கொண்டுபோனால் ஈரத்துண்டு, தொப்பி, பை எல்லாம் மாட்டிக்கொள்ளலாம். அந்தச் சின்ன அறையில் இது பெரிய உதவி.

சாப்பாடு எல்லாம் டிக்கெட்லயே அடக்கமா?

பஃபேயும், உட்கார்ந்து சாப்பிடும் பெரிய உணவகமும் அடக்கம். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் காசு தர வேண்டியதில்லை. தண்ணீர், சாதாரண டீ, காபி அடக்கம். குளிர்பானம், பிழிந்த ஜூஸ், எஸ்பிரஸோ வகைக் காபி, மது எல்லாம் தனிக்காசு. ஜப்பானிய, இத்தாலிய, ஸ்டேக் என்று தனிப்பெயர் வைத்த உணவகங்களும் தனிக்காசு. அறைக்குக் கொண்டுவரச் சொன்னால் கப்பலுக்குக் கப்பல் மாறும். அறைக் கார்டைத் தட்டி வாங்குவதால் செலவு கண்ணுக்குத் தெரியாது. தினமும் ஒருமுறை அறைத் தொலைக்காட்சியிலோ செயலியிலோ கணக்கைப் பாருங்கள்.

மதுவுக்கும் தனி உணவகத்துக்கும் விலைக்கு மேல் 18 சதவீதம் போலச் சேவைக் கட்டணம் சேரும். மெனுவில் பார்த்த விலையோடு முடியாது.

நாங்க சுத்த சைவம். அங்க போய்ப் பட்டினி கிடக்கணுமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. பட்டினி கிடக்க வேண்டாம். ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டிக்கெட் போடும்போதே இந்தியச் சைவம், ஜைனம், வெங்காயம் பூண்டு இல்லாதது, முட்டை இல்லாதது என்று எழுதிக் கொடுங்கள். கப்பலில் ஏறிய அன்றே பெரிய உணவகத்துக்குப் போய்த் தலைமைப் பரிமாறுபவரைப் பார்த்து மறுபடியும் சொல்லுங்கள். சரக்கு துறைமுகத்திலேயே ஏற்றியாகிவிடும், நடுக்கடலில் போய் கேட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

என் அம்மா முதல் நாள் பஃபேயில் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கரண்டியாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். யாரோ கோழிக் குழம்பில் இருந்த கரண்டியைப் பருப்பில் போட்டதைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டார். அன்று இரவு உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில், பரிமாறிய கேரளத்துப் பையனிடம், "தம்பி, கொஞ்சம் தயிர் மட்டும் கிடைக்குமா?" என்று கேட்டார். கொடுத்தான். கைப்பையிலிருந்து அம்மா எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலம் எடுத்ததையும் பார்த்திருக்கிறான். மறுநாள் இரவு நாங்கள் கேட்காமலே ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் வந்தது. குழைவான தயிர் சாதம், மேலே தாளித்த கடுகும் நாலு கறிவேப்பிலையும். "அம்மாவுக்கு, சமையல்காரரிடம் சொல்லிச் செய்தது" என்றான். இத்தனைக்கும் அது மெனுவில் இல்லாதது. அன்றிலிருந்து அம்மா மூன்று வேளையும் அந்த உணவகத்துக்குத்தான் போனார். வயதான சைவக்காரர்களுக்கு என் யோசனையும் அதுதான்: பஃபேயை விடுங்கள், ஒரே உணவகம், ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் என்று எழுதியிருந்தாலும் கேட்டுச் சாப்பிட வேண்டியவை சில உண்டு. கீரைப் பொரியலில் சிப்பிச் சாறு, நூடுல்ஸில் மீன் சாறு, சம்பலில் காய்ந்த இறால், காய்கறிச் சூப்பில் கோழி வேகவைத்த நீர், புட்டிங்கில் ஜெலட்டின், கேக்கில் முட்டை. "இறைச்சி இல்லை" என்ற பதிலோடு விடாமல் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஊர் இறங்கும் நாளில் கவலையே இல்லை. பினாங்குத் துறையிலிருந்து நடக்கும் தூரத்தில் லிட்டில் இந்தியா. குவீன் தெரு மாரியம்மன் கோயிலைக் கும்பிட்டுவிட்டு இட்லி சாப்பிட்டு வரலாம். கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், துறைமுகத்திலிருந்து டாக்ஸி பிடிக்க வேண்டும்.

ஹலால் கிடைக்குமா அக்கா?

கிடைக்கும், ஆனால் எல்லாக் கப்பலிலும் ஒரே மாதிரி இல்லை. 2022 முதல் சிங்கப்பூரிலிருந்து பயணம் நடத்திவரும் ஜென்டிங் ட்ரீமில் ஹலால் சான்று பெற்ற தனிச் சமையலும் உணவிடமும் உண்டு. மற்ற கப்பல்களில் ஹலால் இறைச்சி தனியாகச் சமைத்துத் தருவார்கள், முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அங்கே பஃபேயில் பன்றி இறைச்சியும் அதே வரிசையில் இருக்கும். மேலே சைவக்காரர்களுக்குச் சொன்ன "ஒரே மேசை" யோசனை உங்களுக்கும் பொருந்தும்.

உக்காந்து சாப்பிடற ஓட்டல்ல கத்தி முள்கரண்டி எல்லாம் வச்சு பயமுறுத்துவாங்களாமே?

பயப்பட ஒன்றுமில்லை. முதலில் ஒரு சின்ன உணவு, பிறகு முக்கிய உணவு, பிறகு இனிப்பு. மூன்றிலும் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லலாம். இரண்டு முதல் உணவு கேட்கலாம், முக்கிய உணவு பிடிக்கவில்லை என்றால் வேறு கேட்கலாம், பெரும்பாலும் அதற்குத் தனிக்காசு இல்லை. கையால் சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். என் அத்தை சப்பாத்தியைக் கையால் பிய்த்துத்தான் சாப்பிட்டார்.

உடை விஷயத்தில் வேட்டி சட்டை, புடவை, சுடிதார் எதுவும் எங்கும் பொருந்தும். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் இரவு உணவுக்கு வேண்டாம்.

ராத்திரி சாப்பாட்டுக்கு ஆறு மணியா எட்டு மணியான்னு கேக்கறாங்க. எதைச் சொல்றது?

சில கப்பல்களில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று நேரம் குறித்துக் கொடுப்பார்கள். பிள்ளைகள், பெரியவர்கள், சர்க்கரைக்காரர்கள் இருந்தால் முதல் பந்திதான். நேரம் குறிக்காமல் எப்போது வேண்டுமானாலும் வரும் முறையும் உண்டு. அதில் ஏழரை மணிக்குப் போனால் வரிசை. தினமும் வேறு மேசை, வேறு பரிமாறுபவர். சைவம், ஹலால், ஒவ்வாமை என்று எதையாவது விளக்க வேண்டியவர்கள் குறித்த நேரமும் குறித்த மேசையும் கேட்டு வாங்குங்கள். தயிர் சாதம் வந்தது அதனால்தான்.

புளியோதரை, சப்பாத்தி, எல்லாம் கட்டி எடுத்துட்டுப் போகலாமா?

வீட்டில் சமைத்ததை ஏற விடமாட்டார்கள். கெட்டுப்போய் ஒருவருக்கு வயிறு கெட்டால் கப்பல் முழுக்கப் பரவும் என்ற கவலை. கடையில் வாங்கிப் பிரிக்காத பாக்கெட்டாக முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ஊறுகாய்ப் பொட்டலம், பருப்புப் பொடி இருந்தால் பொதுவாக விடுவார்கள். ஊரிலிருந்து சூயிங்கம் கொண்டுவராதீர்கள், சிங்கப்பூருக்குள்ளேயே தடை. அதேபோல் கப்பலிலிருந்து வாழைப்பழம், ஆப்பிள் எடுத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கக்கூடாது.

குழாய்த் தண்ணி குடிக்கலாமா? பாட்டில் தண்ணிக்கு ரொம்ப விலை சொல்றாங்க.

குடிக்கலாம். கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ, சவ்வில் வடிகட்டியோ நல்லநீராக்கிச் சுத்திகரித்துத் தருகிறார்கள். ருசி சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். அறையில் பாட்டில் வைத்திருந்தால் அதன் கழுத்தில் விலைச்சீட்டு தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திறங்கள். காலிப் பாட்டில் இரண்டு கொண்டுபோய் பஃபேயில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரும் அங்கேயே கிடைக்கும்.

டிப்ஸ் கட்டாயமா? நாலு பேருக்கும் சேத்தா நிறைய வருதே.

தினமும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிலேயே சேர்ந்துவிடும். அமெரிக்க நிறுவனக் கப்பல்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலர் போல வரும், பெரும்பாலும் குழந்தைக்கும் உண்டு. டிக்கெட் விலையோடு இதையும் துறைமுகக் கட்டணத்தையும் கூட்டித்தான் கப்பல்களை ஒப்பிட வேண்டும். சில நிறுவனங்களில் வரவேற்பு மேசையில் சொல்லிக் குறைக்க முடியும். நான் குறைப்பதில்லை. அறையைத் தினமும் சுத்தம் செய்கிறவர்களும் பரிமாறுகிறவர்களும் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து, வார விடுமுறை இல்லாமல் உழைக்கிறவர்கள். தயிர் சாதம் கொண்டுவந்த அந்தப் பையனுக்கு அம்மா கையில் தனியாகவும் கொடுத்தார்.

அப்பாவுக்கு இன்சுலின். ரூம்ல ஃப்ரிட்ஜ் இருக்குமாம், போதும்தானே?

அதை நம்பாதீர்கள். பல அறைகளில் இருப்பது பானத்தை லேசாகக் குளிர்விக்கும் பெட்டிதான், மருந்துக்கு வேண்டிய அளவு குளிராது. மருந்துக்கான ஃப்ரிட்ஜும், போட்டு முடித்த ஊசியைப் போட்டுவைக்கும் டப்பாவும் தரும்படி முன்பே கேளுங்கள், தருவார்கள். மருந்து எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். முனையத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடலாம்.

ஊசி போட்டுவிட்டு உணவகத்தில் உட்கார்ந்தால் முதல் தட்டு வர இருபது நிமிடம் ஆகலாம். ரொட்டிக்கூடை மேசைக்கு வந்த பிறகு போடுவது நல்லது. நேரத்தை உங்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

கப்பல்ல வயிறு கெட்டுப்போகும், எல்லாருக்கும் பரவும்னு பயமுறுத்துறாங்க. உண்மையா?

நோரோ என்ற வைரஸ், நெருக்கமாக நிறையப் பேர் சாப்பிடும் இடங்களில் வேகமாகப் பரவும். கப்பலில் வந்தால் செய்தியாகிறது. வாசலில் கையில் பீய்ச்சும் சானிடைசர் இதற்குச் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் காப்பு. பஃபே கரண்டியை எத்தனையோ பேர் தொட்டிருப்பார்கள். எடுத்து வைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, பிறகு சாப்பிடுங்கள். கையால் சாப்பிடும் நமக்கு இது இன்னும் அவசியம். வாந்தி பேதி வந்தால் மறைக்காமல் மருத்துவ அறைக்குச் சொல்லுங்கள். அங்கே கட்டணம் அதிகம், பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள்.

முதல் நாள் சைரன் அடிச்சு எங்கயோ வரச் சொல்றாங்க. சாப்பிட்டுக்கிட்டு இருந்தா போகாம இருக்கலாமா?

கூடாது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அதுவரை நடக்கவில்லை. கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அன்றைய விதி இருந்தது. 2015 ஜனவரி 1 முதல், கிளம்பும் முன் அல்லது கிளம்பியவுடனே நடத்தியாக வேண்டும். உங்கள் கூடும் இடம் அறைக் கதவின் பின்னாலும் அறைக் கார்டிலும் எழுதியிருக்கும். முழங்கால் வலிக்காரர்களை அழைத்துக்கொண்டு அந்த வழியைப் படியிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள், ஆபத்தில் லிஃப்ட் ஓடாது.

ஏறிய அன்று மதியம் எல்லாரும் பஃபேக்குத்தான் ஓடுவார்கள். சில கப்பல்களில் பெரிய உணவகமும் அப்போது திறந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ரூம் பிடிக்கலைன்னா மாத்தித் தருவாங்களா?

சத்தம், நாற்றம், ஏசி வேலை செய்யாதது என்றால் உடனே வரவேற்பு மேசையில் சொல்லி, சொன்ன நேரத்தைக் குறித்து வையுங்கள். காலி அறை இருந்தால் மாற்றுவார்கள். பள்ளி விடுமுறையில் கப்பல் நிறைந்திருக்கும், காலி அறை இருக்காது. சரிசெய்ய ஆள் அனுப்புவார்கள், காதடைப்பான் தருவார்கள். நான் மேலே சொன்ன பஃபே சத்தத்துக்கு எனக்குக் கிடைத்தது காதடைப்பான்தான். சூதாட்டக்கூடத்துக்கு மேலோ பக்கத்திலோ உள்ள அறைகளில் சிகரெட் வாடை வரக்கூடும். ஆஸ்துமாக்காரர்கள் தளப்படத்தில் அதையும் பார்த்துவிட்டு எடுங்கள்.

ஃபூக்கெட்ல மதியச் சாப்பாட்டை முடிச்சுட்டு மெதுவா வரலாமா?

தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் எந்த நேரத்தை வைத்துக்கொள்கிறது என்று அன்றைய அறிவிப்பில் போட்டிருப்பார்கள். செல்போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், அதை நம்பினால் ஒரு மணி நேரம் தாமதமாகிவிடலாம். இறங்கும் முன் கப்பல் கடிகாரத்தைப் பார்த்து ஒரு கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படகுக்கு வரிசை நிற்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். தனியாக டாக்ஸி பிடித்துப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

சென்னையிலிருந்து போற கப்பலுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

சாப்பாட்டுக் கவலை குறையும். கார்டெலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணம் தொடங்கியது. இந்தியப் பயணிகளுக்காகவே சமைக்கிறார்கள், ஜைன உணவும் உண்டு. ஆனால் அது 1990இல் கட்டிய கப்பல், மொத்தக் கொள்ளளவில் ஜென்டிங் ட்ரீமில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி அறைகள் மிகக் குறைவு, பெரும்பாலும் உள் அறையும் ஜன்னல் அறையும்தான்.

கடலும் வேறு. வங்கக் கடல் திறந்த கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், புயல் வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் ஆட்டம் தெரியும். கப்பல் ஆடுமா என்ற கேள்விக்கு எழுதியதை அங்கே அப்படியே கடைப்பிடியுங்கள்: கீழ்த்தளம், நடுப்பகுதி, முன்பே மாத்திரை.

கடைசி நாள் ராத்திரியே பெட்டியை வெளியில வச்சிடணுமாமே?

ஆமாம், பட்டை கட்டி அறை வாசலில் வைத்தால் இரவோடு இரவாக எடுத்துப் போவார்கள், முனையத்தில் வாங்கிக்கொள்ளலாம். மறுநாள் போடும் உடை, செருப்பு, மருந்து, கண்ணாடி, பல்செட், பாஸ்போர்ட் ஆகியவற்றை எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழையக்கூடியதா என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்திருக்க வேண்டும், கப்பலில் போய்த் திரும்புவதும் ஒரு நுழைவுதான்.

காலையில் அறையைச் சீக்கிரம் காலி செய்யச் சொல்வார்கள், பஃபே அப்போது நெரிசலாக இருக்கும். அம்மா அப்பாவை நான் உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்துக்கே கூட்டிப் போய்விடுவேன். அங்கே இடம் கிடைக்கும், சூடாகக் காபி வரும், இறங்க அழைக்கும் வரை அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம்.